நாற்பத்தோராவது கிலோமீட்டர்

ஜெமோவித்தை நான் பார்த்ததில்லை.
அவர் வரைந்த கோடு மட்டும்
என் கைப்பிடியில், தீப்பெட்டி அகலத் திரையில்
ஊதா நிறத்தில் ஊர்கிறது.
எண்பத்தாறு கிலோமீட்டர்.
தார்ச்சாலை அதில் ஐந்தே ஐந்து,
அதற்கும் குறிப்பில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

போலந்தின் இந்த மூலையில், ரோஸ்டோச்சேயில்,
குன்றுகளுக்கு உயரமில்லை.
தூங்குகிறவன் போர்வைக்குள்
முழங்காலை மடக்கி நீட்டுவதுபோல்
எழும், படுக்கும், மறுபடி எழும்.
ஏறும்போது மூச்சை எண்ணுகிறேன்.
இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ள மட்டும் நேரம்.

சரளைக்குக் குரல் உண்டு.
காய்ந்திருந்தால் முறத்தில் புடைக்கும் அரிசி.
நேற்றைய மழை உலராத இடத்தில்
கடைவாயில் உடையும் கற்கண்டு.
சத்தமே இல்லையென்றால் பயப்படு,
அது மணல்.
முன்சக்கரம் புதைந்து
நீ பக்கவாட்டில் வணக்கம் சொல்லப்போகிறாய்.

பீச் மரக்காட்டுக்குள் நுழைந்ததும்
வெயில் சில்லறையாகிறது.
எது கல், எது ஒளி என்று தெரியாமல்
இரண்டுக்கும் சேர்த்தே பிரேக் பிடிக்கிறேன்.
வெளியே வந்தால் பக்வீட் வயல், ஒரே வெள்ளை.
தேனீக்களின் ரீங்காரத்தைச் சங்கிலிக் கோளாறென்று எண்ணி
ஒருமுறை இறங்கியும் பார்த்தேன்.
புல்வெட்டும் டிராக்டருக்குப் பின்னால்
செங்கால் நாரை ஒன்று நடக்கிறது,
தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி.

நாற்பத்தோராவது கிலோமீட்டரில்
கோடு கோணலாகிறது.

நேரே நல்ல பாதைதான்.
வேலி, ஆப்பிள் மரங்கள், ஒரு கொட்டகை.
கோடோ இடப்பக்கம் பள்ளத்தில் குதித்து
முட்புதரில் கீறிக்கொண்டு ஓடையைத் தாண்டி
எழுநூறு மீட்டர் அவதிப்பட்டு
அதே பாதைக்குத் திரும்பி வருகிறது.

மூன்று கோடைகள் நானும் அப்படியே போனேன்.
காரணம் இருக்கும் என்று நினைத்தேன்:
புதரில் மறைந்த கற்சிலுவை,
இடிந்த பாலம்,
யாரோ ஒருத்தி சொல்லாமல் போன இடம்.
சைக்கிளைத் தோளில் சுமந்து
ஷூவுக்குள் தண்ணீர் சளசளக்க
அந்த இடத்துக்கு மரியாதை செய்தேன்.
கரைச்சேற்றில் எத்தனை டயர்த் தடங்கள்!
எல்லோரும் செய்திருக்கிறார்கள்.
அங்கே புல் முளைப்பதையே விட்டுவிட்டது.

இன்று பின்சக்கரம் இளைத்துக்கொண்டே வந்தது.
சுமக்கத் தெம்பில்லை.
நேரே போனேன்.

கொட்டகை வாசலில் லூட்சியான்,
முழங்கைவரை கிரீஸ்.
பேயைக் கண்டவர்போல் எழுந்தார்.
'நாய்க்குப் பயமில்லையா உனக்கு?'
எந்த நாய்?
'க்ரோம். செத்து நாலு வருஷமாச்சு.
கன்றுக்குட்டி உயரம்.
சைக்கிள்காரன் கெண்டைக்கால் என்றால் உயிர் அவனுக்கு.
ஒரு நெட்டையனைக் கடித்தான்.
அந்த ஆள் கத்தவே இல்லை.
வேலியோரம் உட்கார்ந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே,
ஏதோ மெஷினில் தட்டிக்கொண்டிருந்தார்.
அதிலிருந்து இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.
சனிக்கிழமை தவறாமல்
கலர் கலராய்ச் சட்டைபோட்டு ஓடையில் இறங்குகிறீர்கள்.
நான் ஏதோ யாத்திரை என்றிருந்தேன்.'

அவர் வாளியில் டியூபை முக்கினோம்.
வால்வுக்குப் பக்கத்தில்
குமிழிகள் ஊசிநூல்போல் மேலேறின.
அது உலரும்வரை
புளிப்பு ஆப்பிள் இரண்டு தின்றேன்.
காசு வாங்க மறுத்தவர்
காற்றடிக்கும் பம்ப்பை மட்டும்
அது எப்படி இவ்வளவு சின்னது என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கிளம்பும்போது
கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி.
செருப்பளவு.
பதினோரு அடி என்னைத் துரத்தி
வென்ற களைப்பில் உட்கார்ந்துவிட்டது.

இரவு, கோட்டைத் திருத்தத் திரையைத் திறந்தேன்.
ஒருவர் பயந்த எழுநூறு மீட்டரை
அழிக்க ஒரு விரல் போதும்.
விரலை வைத்துவிட்டு யோசித்தேன்.

அந்தக் குட்டியின் பாதங்கள்
உடம்புக்கு மிகப் பெரியவை.