காலி எடை

திரையின் மூலையில் நீலப் பெட்டி.
அக்டோபர் பதினான்கோடு இந்தக் கணினிக்கு
ஆதரவு முடிகிறதாம்.
'பிறகு நினைவூட்டு' என்பதைப்
பதினேழு முறை அழுத்தியாயிற்று.
பதினெட்டாவதை அழுத்தும்போது
வெளியே கிழங்கு லோடு, ஹாரன்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் சேகோ ஆலை.
மூன்று கணினி.
விசைப்பலகை எல்லாம் மாவு,
ஊதினால் பறந்து
மறுநாள் வந்து உட்காரும்.

ஐந்து ரோட்டிலிருந்து ரியாஸ் வந்து
மூன்றையும் திறந்து பார்த்தான்.
"புதுசை ஏத்தினா இது தாங்காதுங்க மேடம்.
ஒண்ணு நாப்பத்திரண்டாயிரம்.
மூணும் எடுத்தா பாத்துப் போடலாம்."

முதலாளியிடம் சொன்னேன்.
"ஓடுதில்ல?"
"ஓடுதுங்க."
"நின்னு போயிருமா?"
"நிக்காதுங்க."
"அப்புறம் என்னத்துக்கு?"

எங்கேயோ முகம் தெரியாத யாரோ
மாதம் ஒருமுறை
நம் பெட்டியின் ஓட்டைகளை
அடைத்துக்கொண்டே இருந்தார்கள்,
இனி அடைக்கமாட்டார்கள்,
ஓட்டைகள் மட்டும் வரும் என்றால்
யார் அவர்கள், எவ்வளவு கேட்கிறார்கள் என்பார்.
அதனால் சொன்னேன்:
"எஃப்.சி. முடிஞ்ச லாரிங்க."

ஒரு காலத்தில் நாலு லாரி விட்டவர்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"மெயின் ரோட்டுல ஏத்தாம
காம்பவுண்டுக்குள்ளயே ஓட்டினா?"

அந்தக் கேள்வியோடு பஸ் ஏறினேன்.
அம்மாப்பேட்டை நெரிசலில் இருபது நிமிடம்
அதையே மென்றேன்.

கணக்குப் பெட்டி வெளியே போகாமல் முடியாது.
ஜி.எஸ்.டி., ஈ-வே பில், வங்கி.
அதை மாற்றியே ஆக வேண்டும்.
முதலாளி மகன் அறையில் இருப்பது
சீட்டு விளையாட. அதைப் பற்றி
நான் பேசப் போவதில்லை.

எடைமேடைப் பெட்டிதான் சிக்கல்.
ஒன்பது ஊசி வயரில் வருகிறது எண்.
புதியவற்றில் அந்தத் துளையே கிடையாது.
மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் ஓசூர் போய்
ஃபோனை எடுப்பதில்லை.
இந்த எண்ணை நம்பித்தான்
வாழப்பாடியிலிருந்து கிழங்கு வருகிறது.
நம்பி என்று சொல்லக் கூடாது.
போன தையில் பச்சமுத்து
வெளி மேடையில் ஒருமுறை போட்டுவிட்டு வந்தார்.
எங்கள் மேடையில் இருபது கிலோ அதிகம்.
ஒன்றும் பேசாமல்
சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நெட் வயரைப் பிடுங்கினேன்.
அந்தத் துளைக்குக் கறுப்பு டேப்.
மவுஸ் துளை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் டேப்.
பென் டிரைவோடு வந்து
"ஒரே ஒரு பாட்டுங்க" என்று நிற்கும்
டிரைவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது இங்கே எண்ணைப் பார்த்து
துண்டுச் சீட்டில் எழுதி
பன்னிரண்டு அடி நடந்து
புதியதில் அடிக்கிறேன்.
"இதுக்குப் பேருதான் நெட்வொர்க்குங்களா?"
ரியாஸ் சிரித்தான்.
சிரிக்கட்டும்.
ஒரு வருடம் தாங்கும். இரண்டு தாங்கினாலும் தாங்கும்.
சில மாலைகளில் உள்ளே ஏதோ கிறீச்சிடுகிறது,
மின்விசிறியைக் கூட்டி வைக்கிறேன்.

கழற்றிய கணக்குப் பெட்டியைச்
செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக்காரர்
எடைக்குத்தான் எடுப்பாராம்.
வட்டை மட்டும் உருவி
என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.
மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு
இரண்டு லோடுக்கு நடுவே
மேடைமேல் ஏறி நின்றேன்.
ஜன்னல் வழியே கோகிலா வாசித்தாள்:
எழுபது.
பெட்டியை ஓரத்துச் சிமெண்டில் வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.
எழுபது.

நாற்பது டன் மேடை,
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
ஒன்பது வருடக் கொள்முதல்,
மூன்று ஆடிட்டர்கள்,
இரவு பதினொன்றுக்குத் தாக்கல் செய்த ரிட்டர்ன்கள்.

"சீட்டுல என்னங்க்கா எழுதறது?"

பின்னால் டிராக்டர் வந்து நின்றிருந்தது.
இறங்கினேன்.