வடக்கு கோல்

மணிக்கு ஆயிரத்து இருநூறு, லைட்டுக்குத் தனி.
சேலம் அடிவாரத்தில், கல்லூரி மைதானம்.
"மேசை மாதிரி சமமா இருக்குய்யா"
என்றான் செபஸ்தியான்,
செருப்பில் அந்தச் செம்மண்ணோடு.

"இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
யார் வந்து கத்துறது?"
சடையப்பன் கேட்டதற்கு
கடைசி பஸ் எட்டரைக்கு என்றது ஒரு குரல்.
அது பதிலா என்று தெரியவில்லை.

நாகலூரில் எங்கள் வடக்கு கோல்
நாலடி தாழ்வு.
இரண்டாம் பாதியில் பந்து தானே உருளும்.
ஜெயித்ததெல்லாம் அப்படித்தான்;
அதை மட்டும் யாரும் பேசவில்லை.

மூடுபனி இறங்கிய நாளில்
பந்து எங்கேயென்று கோல்கீப்பர் எங்களைக் கேட்பான்.
குத்துமதிப்பாக ஒரு திசை சொல்வோம்.

பதினேழுக்கு ஒன்பது. போவதென்று முடிவு.
நான் கை தூக்கவில்லை,
இரண்டு கையிலும் டீ கிளாஸ்
என்று வீட்டில் சொன்னேன்.