படிகாரம்

சவரம் முடிந்த கன்னத்தில் தேய்க்கிற அதே சரக்குதான்.
செலினாவுக்கு டாங்கர் லாரியில் வருகிறது.
படகின் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு
நடைவேகத்தில் ஓட்டுகிறேன்.
பெயிண்ட் கொட்டிய பச்சை.
துடுப்பில் ஒட்டினால் விரலால் வழிக்க வேண்டும்,
வழிக்கக் கூடாது என்பது விதி.
நாற்றம் என் சாப்பாட்டு டப்பாவுக்குள்ளும்.

ஆறடி ஆழம்தான் இந்த ஏரி.
அடிச்சேற்றில் எத்தனை வருடத்து எருவோ,
வெயில் ஏறினால் ஏப்பம் விடுகிறது.

மூன்றாம் நாள் தண்ணீர் கண்ணைத் திறந்தது.
ஒரு மடக்கு நாற்காலி, கால்ஃப் பந்துகள்,
யாரும் தேடி வராத நங்கூரம்.
படகுத்துறைக் கடை லொரெய்ன்
கைதட்டினாள், தனியாக.

அன்றிரவே மழை.

காலையில் குப்பிகளோடு ஹோமனின் வயலுக்குப் போனேன்.
"குற்றம் எழுத வந்தாயா?"
ஓடைக்கரை நெடுக, மக்காச்சோளம் இல்லாமல்,
முப்பது அடிக்கு வெறும் புல்.
"இது என் மகளின் கல்லூரியில் ஒரு செமஸ்டர்.
அதையும் எழுது."

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

புல்லைத் தாண்டி வந்த நீர் தெளிவு.
புல்லுக்கு அடியில், அவருடைய அப்பா புதைத்த
வடிகுழாய் வழியாக வந்தது
பன்றிப்பண்ணைத் தேநீர்.
இரண்டு குப்பிகளையும் வெளிச்சத்தில் தூக்கினேன்.
அவர் தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டார்.
"குழாய்க்கு மூடி என்ன விலை?"
தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பும் வழியில்
'நாய்களை நீரில் விடாதீர்' பலகை
காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
இன்னும் இரண்டு ஆணி அடித்தேன்.
ஜூன்தானே ஆகிறது.