முந்நூறு மீட்டர்

முதல் பெட்டி வந்தபோது எனக்கு நாலாம் மாசம்.
தோப்பும்படியில் சூரை இறக்கிய கையோடு
மீன்வாசம் போகாத நோட்டுகளை எண்ணிக் கொடுத்து
தள்ளுவண்டி வாங்கினான் டெல்வின்.
ஐஸ் லாரியில் தூத்தூர் வந்து சேர்ந்தது.
நாலு சக்கரம், ஒரு குடை,
தண்ணீர்க் குப்பி வைக்கத் தனியே ஒரு வளையம்.

எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால்
ஒருத்தி சுவரோடு ஒட்டி நிற்கணும்.
சந்து தீர்ந்தால் மணல்,
மணல் தீர்ந்தால் அரிப்புக்குக் கொட்டிய பாறை.
எங்கே தள்ள?
உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் அச்சு இறுகி
பிள்ளை பிறக்கும் முன்பே
வண்டிக்கு மூட்டுவலி.

அடுத்த தங்கல் முடிந்ததும் குளியல்தொட்டி.
அதில் ஒரு வாத்து;
வெந்நீர் சூடானால் அது சிவக்குமாம்.
என் முழங்கைக்கு என்ன கேடு?

பிறகு
நடக்காத காலுக்குச் செருப்பு,
தவழாத முட்டிக்கு உறை,
தலை உருண்டையாக வர நடுவில் குழி வைத்த தலையணை,
ஈரத்தாளைச் சூடாக்கிக் கொடுக்கும் மின்சாரப் பெட்டி.
ஈரத்தாளைச் சூடாக்க!
மே மாதம்,
ஓட்டுக்கூரைக்குக் கீழே.

பக்கத்துவீட்டு மெர்சலின் வந்து
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்:
"பிள்ளைக்கு இடம் எங்கட்டி விட்டிருக்க?"

பங்குப்பணம் பாதி அதில் போக
மார்த்தாண்டம் ஆஸ்பத்திரி பில்லுக்கு
என் இரண்டு வளையல் அடகுக்குப் போயின.
எனக்கு வேண்டியிருந்தது
துவைத்த பழைய வேட்டி நாலு துண்டு,
விடியக்காலம் மூன்று மணிக்கு
அழுகிறவளைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ள
இன்னொரு ஜோடிக் கை.
அது தவிர எல்லாம் அனுப்பினான்.

நாற்பத்தோராம் நாள் வந்தான்.
தாடியைக் கண்டு வீரிட்டாள் மகள்.
திட்ட வைத்திருந்த வார்த்தைகளை
நான் எடுக்கும் முன்
மடியிலிருந்த கடைசிப் பெட்டியைத் திறந்தான்:
ஒன்று தொட்டிலடியில், ஒன்று நம் கையில்.
பிள்ளை மூச்சு விடுவதுகூடக் கேட்குமாம்.
"எவ்வளவு தூரம்?"
கடைக்காரனிடம் அவனும் அதைத்தான் கேட்டிருக்கிறான்.
முந்நூறு மீட்டர்.
தெரிந்தேதான் வாங்கியிருக்கிறான்,
முந்நூறு மைலுக்கு அப்பால் தூண்டில் போடுகிறவன்.

எங்கள் வீடோ இரண்டு அறை.
அடுக்களையில் நின்றால்
அவள் கொட்டாவி கேட்கும்.

அன்று ராத்திரி அவன் பாயில் இல்லை.
கதவிடுக்கில் பார்த்தேன்:
கடல்சுவர்மேல் நடந்துகொண்டிருந்தான்,
காதில் அந்தச் சாதனம்,
கைபேசிக்குச் சிக்னல் தேடுகிறவன்போல
நாலடி முன்னே, இரண்டடி பின்னே.
திரும்பி வந்து சொன்னான்:
"அந்தோணியார் குருசடி வரைக்கும் தெளிவாட்டு கேக்குது.
அதுக்கப்புறம் வெறும் இரைச்சல்."
அலையா, கருவியா என்று
நான் கேட்கவில்லை.

போகும்போது தன் பாதியை
பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டான்.
மங்களூர்ப் பக்கம் ஏதோ டவர் கிடைத்த ஒரு நாள்
போனில் சிரித்தான்:
எல்லை தாண்டியதும் அது கீ கீ என்று கத்தியதாம்,
ஸ்ராங்கு உறக்கம் கெட்டு
பேட்டரியைப் பிடுங்கச் சொன்னாராம்.
"பிடுங்கினியா?"
"அதுவா தீருற வரைக்கும் விட்டிருந்தேன்."

மற்றதையெல்லாம் விற்றுவிட்டேன்.
தள்ளுவண்டி மட்டும் இரும்புவிலைக்கு.
குளியல்தொட்டியில் மெர்சலின் நெத்திலி அலசுகிறாள்,
வாத்து இன்னும் சிவக்கவில்லை.
வளையலில் ஒன்று திரும்பி வந்தது.

இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.
பாதிச் சாமானுக்கு யார் விலை பேசுவார்?
ஷெரினுக்கு ஈறு தினவெடுக்கும் பருவம்.
கடிக்கென்றே அவன் வாங்கியனுப்பிய
ரப்பர் யானையைத் தூக்கி எறிந்துவிட்டு
இதன் ஆன்டெனாவைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள்,
எச்சில் வழிய,
ரொம்ப நேரமாக, சத்தமே இல்லாமல்.