குப்பி

செவிலி ரதோய்கா நீட்டினாள்
மஞ்சள் மூடி போட்ட சின்னக் குப்பி.
"பாதி நிறைத்தால் போதும். கதவு அந்தப் பக்கம்."

இருபத்திரண்டு வருடமாக
சாவா ஆற்றுப் பாலத்தை
நாளொன்றுக்குப் பதினான்கு முறை கடக்கிறவன் நான்.
பெல்கிரேடில் எந்தக் கதவும் எனக்கு
இவ்வளவு சுலபமாகத் திறந்ததில்லை.

உள்ளே வெள்ளை ஓடு. தாழ்ப்பாள். சோப்புகூட.
வெளியிலிருந்து யாரும் கண்ணாடியைத் தட்டவில்லை.
பின்னால் எந்த லாரியும் ஹாரன் அடிக்கவில்லை.
நின்றேன்.
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.
வரவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எங்களுக்கும் ஒரு கழிப்பறை உண்டு.
சாவி பெட்டிக்கடை மிலுங்காவிடம்.
ஆறு மணிக்குக் கடையைச் சாத்துவாள்.
அவளைக் குற்றம் சொல்ல முடியாது,
அவளுக்கும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்,
அதுவும் என் பஸ்ஸைத்தான்.
அவள் கைப்பைக்குள் அந்தச் சாவி
என் முதுகுக்குப் பின்னால், மூன்றாவது இருக்கையில்,
வீட்டுக்குப் போகும்.

அட்டவணையில் எனக்கு ஓய்வு ஆறு நிமிடம்.
நாலைப் பாலத்து நெரிசல் தின்றுவிடும்.
மிச்ச இரண்டில்
வண்டியைத் திருப்ப வேண்டும்,
சக்கர நாற்காலிக்குச் சாய்பலகை இறக்க வேண்டும்,
ஏன் லேட்டு என்று கேட்பவருக்கு
ஒரு முகம் தயாரிக்க வேண்டும்.

ஆகவே
மதியம் இரண்டுக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை.
எஞ்சின் என் முழங்காலில் மூச்சுவிடும்
ஜூலையில்கூட.
பாட்டில் இருக்கும், முன்கண்ணாடிக்குக் கீழே,
பார்ப்பதற்கு.
மற்றவர்கள் அந்த இடத்தில்
புனிதர் படம் வைக்கிறார்கள்.

போன மார்ச்சில் ஒரு கல் இறங்கியது.
மூன்று இரவு.
மனைவி அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.
கோபம் வரும்போது
என் காதோரம் குலுக்குவாள்.

தொப்ரிவோயே நினைவுக்கு வந்தான்.
மார்பைப் பிடித்துக்கொண்டே
வண்டியை ஓரமாக, கோணலில்லாமல் நிறுத்தி,
கதவுகளைத் திறந்துவிட்டுத்தான் சாய்ந்தான்.
பிழைத்துக்கொண்டான்.
இப்போது டிப்போவில்,
பயணிகள் மறந்த குடைகளுக்குக் காவல்.
ஒரு நாளைக்கு ஐந்து முறை கழிப்பறைக்குப் போகிறான்,
ஒவ்வொரு முறையும் எங்களிடம் சொல்லிக்கொண்டு,
வெளியூர் கிளம்புகிறவன் மாதிரி.

காலிக் குப்பியோடு திரும்பினேன்.
"சரி, அதற்குள் ரத்த அழுத்தம் பார்ப்போம்."
கையில் பட்டை இறுகியது.
"காலை ஆட்டாதீர்கள்."
"ஆட்டவில்லை."
"அப்புறம் தரையில் எதை மிதிக்கிறீர்கள்?"

குனிந்து பார்த்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, இரண்டு மாடி கீழே,
போனைப் பார்த்தபடி ஒருத்தி
சிவப்பு விளக்கில் சாலையில் இறங்குகிறாள்.
என் வலது கால்
பிரேக் போட்டிருக்கிறது.

நூற்று அறுபத்தெட்டு.
அவள் எழுதவில்லை. பேனாவை மூடிவைத்தாள்.
எழுந்து போய்த் திரையை இழுத்தாள்.
"மூன்று டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.
வெளியே உட்காருங்கள்.
அவசரமில்லை."

அந்தக் கடைசி வார்த்தையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.
கையில் குப்பி இருந்தது.

நடைபாதை பெஞ்சில் ஏற்கனவே இரண்டு பேர்.
எங்கள் டிப்போதான், அதே நீலச் சட்டை,
அதே மஞ்சள் மூடி, அதே காலி.
நகர்ந்து இடம் விட்டார்கள்.
வரிசையாக உட்கார்ந்தோம்,
மூன்று ஓட்டுநர்கள், ஒரே நிறுத்தத்தில்,
வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்கு.

இளையவன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்து
நெற்றியைச் சுருக்கினான்:
"நாலு நிமிடம் லேட்டு.
இந்த ஊரில் எதுவும் நேரத்துக்கு வராது."

எங்கிருந்தோ கிளம்பியது சிரிப்பு,
அடிவயிற்றிலிருந்து, மூவருக்கும்.
"சிரிக்காதே," என்றான் மற்றவன், தொடைகளை இடுக்கிக்கொண்டு,
பழக்கதோஷம்,
"சிரித்தால் வந்துவிடும்."

வரட்டுமே என்றுதானே
உட்கார்ந்திருக்கிறோம்.