ஓர் இலை, ஒரு கணு

கிளினிக் கொப்பியின் பின்னட்டையில்
டொக்டர் ருஷ்தா ஒரு வட்டம் போட்டார்.
"இது குருத்துக் கலம்.
இன்னும் எதுவாகவும் ஆகாதது.
எலும்பாகலாம், நரம்பாகலாம்."

எனக்கு விளங்கியது. சொல்லவில்லை.
பதினொரு வருசமாய் லிந்துலை நாற்றுமேடையில்
ஓர் இலை, ஒரு கணு என்று வெட்டிப்
பையில் ஊன்றுகிறவள் நான்.
விதை வேண்டாம், பூ வேண்டாம்.
வெட்டுப்பட்ட வாயே வேர் விடும்.
இலைக் கக்கத்தில் தூங்கும் மொட்டு
ஒரு முழுச் செடியை
மனப்பாடமாய் வைத்திருக்கும்.

தம்பி தவசீலன் எதை வைத்திருக்கிறான்?
ரதல்ல வளைவில் கொழுந்து லொறி சரிந்து
ஏழு மாதம்.
இடக்கையை, யாரோ பார்த்துக்கொள்ளக் கொடுத்த
பொதி மாதிரி மடியில் வைத்திருக்கிறான்.
கரண்டியைக் குடை என்கிறான்.
என்னைச் சில நாள் கங்காணி என்கிறான்,
அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

"எப்ப ஊன்றுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.
பேனை நின்றது.
இங்கே இல்லை என்றார்.
எலிகளில் நிறையப் பார்த்திருக்கிறார்களாம்,
எங்கோ சில மனிதரில், பயந்து பயந்து.
வைத்தது பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம்.
பிடித்தபின்
நிற்கத் தெரியாமலும் போகலாம்.

பக்கத்துக் கட்டிலில் மழித்த தலையோடு
வெலிமடையிலிருந்து வந்த சோமலதா
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
அவளுடையது கட்டி.
நிற்கத் தெரியாத கலங்கள்தாம் அதுவும்.
கவ்வாத்துக்குத் தப்பிய தேயிலையை
ஓடைக்கரையில் கண்டிருக்கிறேன்:
இரண்டாள் உயரம், பூவும் காயுமாய்,
கீழே ஒரு புல்லுக்கும் வெளிச்சம் விடாமல்.

"அதே குருத்தைக் கட்டிக்குள்ளும்
அனுப்பிப் பார்க்கிறார்கள்.
வாசம் பிடித்துத் தானாகப் போகுமாம்,
மருந்தைச் சுமந்துகொண்டு."
"கூடையோட மலை ஏறுற மாதிரியா?"
டொக்டர் சிரித்தார். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

கண்டியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தோம்.
நாவலப்பிட்டி தாண்டிக் குளிர் ஏறியதும்
"குடை" என்றான்.
கரண்டியா, மழையா?
ஜன்னலைச் சாத்தினேன். பேசாமலிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வந்தான்.
வலக்கையால் ஒரு துண்டை எடுத்து,
நெடுநேரம் பார்த்து,
தலைகீழாய் ஊன்றினான்.
இலை மண்ணுக்குள், காம்பு வானத்தில்.

கணக்குக் கொப்பியில் அதைச் சேர்க்கவில்லை.
நூற்றுக்கு இருபது எப்படியும் சாகும்,
அது எனக்குத் தெரிந்த கணக்கு.
மற்றவற்றுக்கு ஊற்றும்போது
அதற்கும் ஊற்றினேன்.
பொலித்தீனை இழுத்து மூடினேன்.
உள்பக்கம் உடனே வேர்த்தது.