ஆறு இலக்கம்

அவளுடைய இந்திய நம்பர் என்னிடம் இருக்கிறது.
பட்டன் போன். திரையின் ஓரத்தில் கீறல்.
மாதாமாதம் நான் காசு போடாவிட்டால்
இந்த நாட்டின் எந்த பேங்குக்கும் அவள் யாரோ.

ஹட்டியில் அதற்கு சிக்னல் இல்லை.
தேயிலைக்கு மேலே, கோத்தகிரி ரோட்டு வளைவில்,
சில்வர் ஓக் மரத்தடியில்
ஓர் ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் மூன்று கோடு.
மழையென்றால் இரண்டு.

கிரிஜா அயர்லாந்தில் நர்ஸ்.
ஊரின் பெயரை ஒரு விதமாக எழுதி
வேறு விதமாகச் சொல்கிறார்கள்.
பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில்
அவள் அப்பா பெயர் ஏறிவிட்டது.
வார்டில் அவளை ‘லிங்கன்’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.
சொன்னதும் மாமனார் சிரித்தார்.
பிறகு, எப்படிக் கூப்பிடுகிறார்கள்,
இன்னொரு தரம் சொல்லு என்றார்.

வீடு கேட்டால் பேங்க் கணக்கு கேட்கிறார்கள்.
கணக்குக்கு முகவரிச் சான்று.
முகவரிக்குக் கரண்ட் பில்.
கரண்ட் பில்லுக்கு வீடு.
ஆறு வாரமாக ஒரு கோட்டயத்துக்காரி வீட்டு சோபாவில்
படுக்கிறாள்.
காலை நீட்டினால் ஃப்ரிட்ஜ் இடிக்கிறது.

இதற்கு நடுவே அக்டோபர் கடைசி ஞாயிறு
அந்த நாடே கடிகாரத்தைத் திருப்பி வைத்தது.
நாலரை மணி தூரத்தில் இருந்தவள்
தூங்கி எழுவதற்குள் ஐந்தரை மணி தூரத்தில்.
எனக்குக் கணக்கு பிடிபடவில்லை.
யாரோ ஒரு பெரியவரைக் குளிப்பாட்டும் நேரத்தில் கூப்பிட்டு
இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

டிசம்பரில் ஒரு வீடு அமைந்தது.
அங்கே சாயங்காலம் ஆறுக்குள் முன்பணம்.
தவறினால் அடுத்த ஆளுக்கு.
பணம் கோத்தகிரி பேங்கில்.
ரகசிய எண் வருவது என் சட்டைப் பைக்கு.

பதினொன்றே காலுக்கு மேலேறினேன்.
டார்ச் அடித்தால்
சில்வர் ஓக் அடியில், மூன்று கோட்டின் மேல்
காட்டெருமை.

அது நகரவில்லை. நானும்தான்.
“அழுத்தட்டுமா?” என்றாள்.
பதினைந்தடி தள்ளி, ஒற்றைக் கோட்டில்
“அழுத்து” என்றேன், மெதுவாக.
“ஏன் குசுகுசுன்னு பேசறே?”
“அழுத்தும்மா.”

பை அதிர்ந்தது.
வீட்டில் நாங்கள் பேசுவது படுகு.
எண்களை மட்டும் இங்கிலீஷில் சொல்லிக்கொள்வோம், ஏனோ.
ஐந்து எண் சொன்னேன்.
ஆறாவது கீறலுக்குள்.
மூன்றா, எட்டா.

மூன்று போட்டாள். தப்பு.
எட்டு போடுவதற்குள் நேரம் முடிந்தது.
அதற்குள் எருமை ஒரு பெருமூச்சு விட்டது,
டீ ஃபேக்டரியில் நீராவி திறந்த மாதிரி.
“யாரு பக்கத்துல?”
“யாருமில்ல. மறுபடி அனுப்பச் சொல்லு.”

இரண்டாவது எண் வந்தது.
அதில் மூன்றும் இல்லை, எட்டும் இல்லை.
ஒவ்வொன்றாக வாசித்தேன்.
அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றுவது எனக்குத் தெரியாது,
எனக்குத் தெரிந்ததெல்லாம்
இரண்டு கொம்பும், அதற்கு நடுவே பனியும்.

“கட்டியாச்சு” என்றாள்.
அழுதாளா, மூக்கடைப்பா,
இந்தக் குளிரில் யாருக்குத் தெரியும்.

மறுநாள் முகவரி அனுப்பினாள்.
எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு பின்கோடு.
ஊர்ப் பெயரைக் கூட்டிப் படித்தேன்.
“அப்படி இல்ல” என்றாள்.
அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.
“அப்படியும் இல்ல.”

வளைவில், சரியாக அந்த இடத்தில்
ஒரு கூடை அளவு சாணி.
ஓரடி தள்ளி நின்று பார்த்தேன்,
அங்கேயும் மூன்று கோடு வருகிறது.
இத்தனை வருஷம் தெரியாமல் போச்சு.

ரீசார்ஜ் இருபத்துமூன்றாம் தேதி முடிகிறது.